தண்ணீர் இறங்கட்டும், ஆள் இறங்க வேண்டாம்

ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி உயரம். மீட்டரில் சொன்னால் 72. அந்த உச்சிவரை ஒரு குழாயை நிமிர்த்தித் தண்ணீர் நிரப்பினால் அடியில் ஏழு பார் அழுத்தம் இருக்கும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குளியலறைக்கு வரும் நீருக்கு ஒரு பார் கிடைத்தாலே அதிகம். பாதாளச் சாக்கடையில் அடைப்பு எடுக்கும் ஜெட் வண்டியின் பம்போ 150 பாரைச் சர்வசாதாரணமாகத் தருகிறது. இருபது ராஜகோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வரும் அழுத்தம் அது. அவ்வளவும் கைக்கு அடக்கமான ஒரு ரப்பர் ஹோஸின் முனையில் வந்து நிற்கிறது.

இப்படி ஒரு பலம் கையில் இருக்கும்போது, அடைப்பு எடுக்க மனிதர் ஒருவர் குழிக்குள் இறங்குவது ஏன் இன்னும் நின்றபாடில்லை? இயந்திரம் இல்லாததுதான் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. திருச்சியையும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாகக் கிடக்கும் ஸ்ரீரங்கத்தையும் வைத்துப் பார்த்தால் அந்தப் பதில் பாதிதான் சரி என்பது தெரியும். இயந்திரம் வந்து நின்றாலும் தண்ணீர் உள்ளே போக வழி வேண்டும். அந்த வழியை அடைத்து வைத்திருப்பவை தெருவின் அகலம், வீட்டின் நீளம், குழாயின் வயது, சமையலறைப் பழக்கம் ஆகியவைதாம்.

முதலில் இந்த நீர்பீச்சு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம். ஹோஸின் முனையில் கட்டைவிரல் அளவிலிருந்து முஷ்டி அளவு வரை ஒரு நாசில் இருக்கும். அதிலுள்ள துளைகளில் பெரும்பாலானவை பின்பக்கமாகச் சாய்ந்தவை. பின்னால் சீறும் தண்ணீரின் எதிர்விசை நாசிலை முன்னால் தள்ள, ஹோஸ் தானாகவே குழாய்க்குள் ஊர்ந்து போகிறது. முன்பக்கத் துளையிலிருந்து வரும் தாரை அடைப்பைத் துளைக்கிறது. பிறகு ஆபரேட்டர் ஹோஸை மெதுவாகப் பின்னால் இழுக்கும்போதுதான் உண்மையான சுத்தம் நடக்கிறது: பின்பக்கத் தாரைகள் குழாயின் உட்சுவரைச் சுற்றிலும் வழித்துக்கொண்டு கசடைத் தம்மோடு கூட்டி வருகின்றன. மரவேர் புகுந்த இடத்துக்குச் சுழலும் சங்கிலி கோத்த நாசில் உண்டு. எண்ணெய்ப் படிவுக்குத் தாரையே சுழலும் நாசில் உண்டு.

அனுபவசாலி ஆபரேட்டர் எப்போதும் பள்ளத்தில் உள்ள ஆள்நுழைவுக் குழியிலிருந்து மேட்டை நோக்கித்தான் ஹோஸை விடுவார். கசடு தண்ணீரோடு அவர் நிற்கும் குழிக்கே வந்து சேரும். அங்கே உறிஞ்சு வண்டி அதை எடுத்துவிடும். உறிஞ்சு வண்டி இல்லாமல் வெறும் ஜெட்டை மட்டும் விட்டால் கசடு நகர்ந்து அடுத்த தெருவில் போய் உட்கார்ந்துகொள்ளும். பீச்சலும் உறிஞ்சலும் சேர்ந்து ஒரே வேலை. இரண்டையும் இரண்டு ஒப்பந்தங்களாகப் பிரித்துக் கொடுக்கும் நகராட்சிகளில் அடைப்பு திரும்பத் திரும்ப வருவதில் வியப்பில்லை.

அழுத்தம் வேறு, நீரின் அளவு வேறு. அழுத்தம் வெட்டும், வெட்டியதை அள்ளிக்கொண்டு போவது நீரின் அளவு. கார் கழுவும் சிறு பம்பு 100 பாருக்கு மேல் தந்தாலும் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் அளவில்தான் நீர் விடும். பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாயில் உறைந்த நெய்யை அது உடைக்கும். சேம்பரில் சேர்ந்த மணலை அசைக்காது. தெருக் குழாய்க்கான வண்டிகள் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் விடுவதற்குக் காரணம் இதுதான். பிளம்பர் கொண்டுவரும் ஸ்பிரிங்கும், அதற்கு முந்தைய தலைமுறையின் மூங்கில் பத்தையும் அடைப்பில் ஓர் ஓட்டை போடும். தண்ணீர் இறங்கியதும் வேலை முடிந்ததாகத் தோன்றும். சுவரில் ஒட்டிய எண்ணெய் அப்படியே இருக்கும். சில வாரங்களில் அதே இடம் அடைத்துக்கொள்ளும்.

தமிழ்நாட்டு வீட்டுச் சாக்கடையில் அடைப்பது என்ன? வடித்த கஞ்சி, அரைத்த மாவைக் கழுவிய தண்ணீர், பொரித்த எண்ணெயின் மிச்சம், காப்பித் தூள் சக்கை, பாத்திரம் தேய்த்த தேங்காய் நார், தலைமுடி, சானிட்டரி நாப்கின், குழந்தைகளுக்கான டயப்பர். இவற்றில் எண்ணெயைத்தான் முதல் குற்றவாளியாகச் சொல்ல வேண்டும். வாணலியில் சூடாக இருக்கும்போது நீர்போல ஓடுவது, குழாயின் குளிர்ச்சியில் உறைகிறது; தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து கல்போல இறுகுகிறது. அதன்மேல் முடியும் நாரும் பின்னிக்கொள்ள, அது மணலைப் பிடித்து வைக்கிறது. லண்டனில் வைட்சேப்பல் பகுதியின் கழிவுநீர்ப் பாதையில் 2017 செப்டம்பரில் கண்டுபிடித்த கொழுப்புப் பாளம் 250 மீட்டர் நீளம், 130 டன் எடை. உயரழுத்த நீரும் மண்வெட்டியுமாக வாரக்கணக்கில் உழைத்து அதை அகற்றினார்கள். அதில் ஒரு துண்டு மறு ஆண்டு லண்டன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. உணவு விடுதிகள் நெருங்கிய நம் கடைவீதிகளிலும் இதே வேதியியல்தான் நடக்கிறது. விடுதிகள் தம் கழிவுநீர் வெளியேறும் இடத்தில் எண்ணெய்ப் பொறித் தொட்டி ஒன்றைக் கட்டி, அதை ஒழுங்காகச் சுத்தம் செய்தால், தெருவில் ஜெட் வண்டிக்கு வேலை வெகுவாகக் குறையும்.

ஸ்ரீரங்கத்தின் சிக்கல் வேறு வகை. கோயிலின் ஏழு பிராகாரங்களில் வெளியே உள்ளவை மக்கள் குடியிருக்கும் வீதிகள்: உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் வீதி. மதில்களுக்கு இடையில், ஒன்றையொன்று ஒட்டிய சுவர்களோடு, முகப்புக் குறுகியும் உள்வாட்டம் நீண்டும் கட்டப்பட்ட வீடுகள். திண்ணை, ரேழி, கூடம், இரண்டாங்கட்டு, கொல்லை என்று நீண்டுபோகும் அமைப்பில் கழிப்பறை கொல்லைக்கோடியில் இருந்தது. மனிதர் வந்து கழிவை அள்ளிச் சென்ற காலத்துக்கு ஏற்ற அமைப்பு அது. பாதாளச் சாக்கடை வந்தபோது அது வீதியில் வந்தது. கழிப்பறை கொல்லையிலேயே இருந்தது. அதனால் பல வீடுகளில் இணைப்புக் குழாய் வீட்டின் முழு நீளத்தையும் தரைக்கடியில் கடந்துதான் வாசலுக்கு வர வேண்டியதாயிற்று.

கட்டடத் தொழிலில் பழைய கணக்கு ஒன்று உண்டு: நாலு அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஓர் அடி வாட்டம், ஆறு அங்குலத்துக்கு 60 அடிக்கு ஓர் அடி. கொல்லையிலிருந்து வாசல் 120 அடி தொலைவு என்றால் நாலு அங்குலக் குழாய் மூன்று அடி இறங்கியாக வேண்டும். அதற்குக் கூடத்தையும் ரேழியையும் அந்த ஆழத்துக்குத் தோண்ட வேண்டும். பலர் தோண்டுவதில்லை. வாட்டம் குறைந்த குழாயில் தண்ணீர் மட்டும் நகர்ந்துபோய் திடப்பொருள் தங்கிவிடுகிறது. கழிவுநீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் குழாய் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் என்பது இந்தியப் பொறியியல் கையேடுகள் வைத்திருக்கும் அளவுகோல். அந்த வேகம் இல்லாத குழாயில் எத்தனை முறை ஜெட் அடித்தாலும் பலன் தற்காலிகம்தான். இதைச் சொல்லாமல் காசு வாங்கிக்கொண்டு போவது நேர்மையான தொழில் ஆகாது.

தீவின் மண்ணும் தன் பங்குக்குத் தொல்லை தருகிறது. இரண்டு ஆறுகளுக்கு நடுவே வண்டல் மணல். ஆற்றில் நீர் ஓடும் மாதங்களில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். நம் நகரங்களின் பழைய பாதாளச் சாக்கடைகளில் ஸ்டோன்வேர் எனப்படும் சுட்ட மண் குழாய்கள் அதிகம். அவற்றின் இணைப்புகளில் பூசிய சிமென்ட் காலப்போக்கில் விரிசல் விடும். விரிசல் வழியே நிலத்தடி நீர் உள்ளே கசியும்போது மணலையும் கூட்டி வருகிறது. ஜெட் அடித்து மணலை எடுத்தால் விரிசல் இன்னும் மணலை இழுக்கும். குழாயைச் சுற்றியிருந்த மண் கரைந்துபோக, ஒருநாள் மேலே தார்ச்சாலை உள்வாங்கும். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் மணல் வருகிறது என்றால் அங்கே தேவைப்படுவது கேமரா. சக்கர வண்டியில் பொருத்திய சிறு கேமராவைக் குழாய்க்குள் அனுப்பிப் பார்த்து, உடைந்த பகுதியை மாற்றுவதுதான் வழி.

குழாயின் வலிமையும் கவனிக்க வேண்டியது. பிரிட்டனில் பின்பற்றும் நடைமுறைப்படி பிளாஸ்டிக் குழாய்க்கு 180 பார் அளவுக்கு மேல் போவதில்லை. பழைய செங்கல் பாதைகளுக்கு அதைவிடக் குறைவு. நாசிலை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தால் அந்த இடம் அரித்துவிடும். காற்றுப்போக்கி சரியில்லாத வீடுகளில் தெருவில் ஜெட் அடிக்கும்போது கழிப்பறைக் கோப்பையிலிருந்து கழிவுநீர் மேலே சீறுவதும் உண்டு. வேலை தொடங்குமுன் பக்கத்து வீடுகளில் சொல்லி மூடியைப் போட்டு வைக்கச் சொல்வது நல்ல குழுக்களின் வழக்கம். வாடகைக்கு எடுத்த இயந்திரத்தை வீட்டுக்காரரே இயக்கிப் பார்ப்பதும் ஆபத்து. இந்த அழுத்தத்தில் நீர்த்தாரை தோலைத் துளைத்துச் சதைக்குள் இறங்கும். காயம் வெளியே ஊசி குத்தியதுபோலத் தெரியும். உள்ளே சாக்கடைக் கிருமி பரவியிருக்கும். அதற்கு உடனே அறுவை சிகிச்சை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

குழிக்குள் இருக்கும் ஆபத்து இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. காற்றில்லாத கசடில் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்குகின்றன. சிறிய அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டும்போது மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். 500 பங்கைத் தாண்டினால் நிமிடங்களில் மயக்கம். ஆயிரத்தை நெருங்கினால் ஓரிரு மூச்சில் உயிர் போகும். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் குழியின் அடியில் தங்கும். கசடைக் கிளறினால் அதுவரை அடங்கியிருந்த வாயு ஒரேயடியாக வெளியேறும். ஜெட் அடிப்பதும் ஒரு கிளறல்தான். அதனால் ஜெட் அடித்த குழிக்குள் ‘மிச்சத்தை வாரிவிட்டு வா’ என்று ஒருவரை அனுப்புவது, அடிக்காத குழிக்குள் அனுப்புவதைவிடக் கொடியது. முதலில் இறங்கியவர் சாய்ந்ததும் காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் சேர்ந்து இறப்பது இதனால்தான்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதற்கு எதிரான முதல் தடைச் சட்டம் 1993இல் வந்தது. 2013ஆம் ஆண்டின் சட்டம், பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதைத் தனிக் குற்றமாக்கியது. முதல் குற்றத்துக்கு இரண்டு ஆண்டுவரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தத் தடை உள்ளாட்சியை மட்டும் கட்டுப்படுத்துவதில்லை. தன் வீட்டுத் தொட்டியில் ஆளை இறக்கும் வீட்டுக்காரரையும் கட்டுப்படுத்துகிறது. 2014 மார்ச் 27ஆம் தேதி, சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற தூய்மைப் பணியாளர் அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், 1993க்குப் பின் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் பத்து லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. 2023 அக்டோபர் 20ஆம் தேதி பல்ராம் சிங் வழக்கில் அந்தத் தொகை 30 லட்சமாக உயர்ந்தது. நாடாளுமன்றத்தில் அரசு வைத்த கணக்குகளில் இத்தகைய மரணங்கள் அதிகம் பதிவான மாநிலமாகத் தமிழ்நாடு திரும்பத் திரும்ப இடம்பெற்றிருக்கிறது. இறந்தவர்களில் மிகப் பலர் அருந்ததியர் முதலான பட்டியல் சாதியினர். 2017இல் வெளிவந்த திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படம் அந்தக் குடும்பங்களை நேரில் காட்டியது. சமூக நீதியைப் பற்றி இவ்வளவு பேசும் ஒரு மாநிலம் வெட்கப்பட வேண்டிய இடம் இது.

நகர்ப்புறச் சுகாதாரத்தில் திருச்சிக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1987இல் தொடங்கிய கிராமாலயா என்ற தொண்டு நிறுவனம் இங்குள்ள குடிசைப் பகுதிகளில் பெண்கள் குழுக்களைக் கொண்டே பொதுக் கழிப்பிடங்களை நடத்த வைத்தது. கல்மந்தை குடியிருப்பு 2002இல் திறந்தவெளிக் கழிப்பிடம் இல்லாத இடமாக அறிவிக்கப்பட்டபோது, நாட்டிலேயே அப்படி ஆன முதல் குடிசைப் பகுதி என்று அது பேசப்பட்டது. நிறுவனர் எஸ். தாமோதரனுக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மத்திய அரசின் தூய்மைப் பட்டியலில் திருச்சி 2015இல் இரண்டாம் இடம், 2016இல் மூன்றாம் இடம், 2017இல் ஆறாம் இடம் பெற்றது. 2015இல் தொடங்கிய தமிழ்நாடு நகர்ப்புறச் சுகாதார ஆதரவுத் திட்டம் தன் முதல் களங்களில் ஒன்றாகத் திருச்சியை எடுத்துக்கொண்டது. செப்டிக் டேங்க் லாரிகள் கண்ட இடத்தில் கொட்டாமல் குறிப்பிட்ட நீரேற்று நிலையங்களில் கொட்டுவதும், அந்தக் கசடு சாக்கடை நீரோடு சேர்ந்து பஞ்சப்பூர் சுத்திகரிப்பு நிலையம் போவதும் இங்கே நடைமுறையாயின. தமிழ்நாட்டின் பல நகரங்களுக்கு அது முன்மாதிரி. அதே சமயம், நகரின் நடுவே ஓடும் சோழர் காலத்து உய்யக்கொண்டான் வாய்க்காலில் சாக்கடை கலப்பது இன்னும் தீராத வழக்கு. பாதாளச் சாக்கடை இல்லாத விரிவுப் பகுதிகளில் கடந்த சில ஆண்டுகளாகக் குழாய் பதிக்கும் பணி நடந்து, தோண்டிய தெருக்களில் மக்கள் பட்ட பாடும் ஊரறிந்தது.

புதிதாகப் பதிக்கும் குழாய்களில்தான் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஜெட் ஹோஸ் போகத் தக்க இடைவெளியில் குழிகள், ஒவ்வொரு வீட்டின் எல்லையிலும் வெளியிலிருந்தே திறக்கக்கூடிய ஒரு சேம்பர், கூர்மையான வளைவுக்குப் பதில் இரண்டு மென்வளைவுகள்: இவற்றைப் பதிக்கும்போதே செய்தால் செலவு சொற்பம். ஒப்பந்தக்காரர் எல்லைச் சேம்பரைத் தவிர்த்துவிட்டுப் போனால், பிற்காலத்தில் அந்த வீட்டின் அடைப்பை எடுக்கக் கழிப்பறைக் கோப்பையைப் பெயர்க்க வேண்டியிருக்கும், அல்லது ஒருவர் தெருக்குழிக்குள் கையை விட வேண்டியிருக்கும்.

பழைய குறுகிய தெருக்களுக்கு மற்ற ஊர்கள் விடை கண்டிருக்கின்றன. ஹைதராபாத் குடிநீர் வாரியம் 2017இல் 70 சிறிய ஜெட் வண்டிகளை இறக்கியது. பெரிய லாரி நுழையாத சந்துகளுக்கென்றே வடிவமைத்தவை. தலித் தொழில் வர்த்தக சபையோடு சேர்ந்து, அந்த வண்டிகளின் உரிமையாளர்களாகப் பட்டியல் சாதித் தொழில்முனைவோரைக் கொண்டுவந்தார்கள். டெல்லி 2019இல் அதே வழியில் 200 வண்டிகளை ஓடவிட்டது. சென்னைக் குடிநீர் வாரியமும் பின்னர் இதே பாதையில் தூய்மைப் பணியாளர்களை வண்டி உரிமையாளர்களாக்க முன்வந்தது. கேரளத்து இளம் பொறியாளர்களின் ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய பேண்டிகூட் ரோபோ குழிக்குள் கால் ஊன்றி நின்று, ஜெட்டால் வராத கல்லையும் துணியையும் வாரி எடுக்கிறது. திருச்சிக்குப் பக்கத்தில் உள்ள கும்பகோணம் தமிழ்நாட்டில் அதை முன்னதாகவே வாங்கிய ஊர்களில் ஒன்று. சென்னை ஐஐடியில் உருவான ஹோமோசெப், செப்டிக் டேங்கின் அடியில் இறுகிய கசடைச் சுழலும் அலகுகளால் கரைத்து உறிஞ்சுகிறது.

இவற்றில் ஸ்ரீரங்கத்துக்கு அதிகம் பொருந்துவது ஹைதராபாத்தின் சிறு வண்டிதான். ஒரு வீதியிலிருந்து அடுத்த வீதிக்குக் கோபுர வாசல்களைக் கடந்துதான் போக வேண்டிய ஊர் இது. மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு லட்சக்கணக்கானவர்கள் கூடும்போது பெரிய லாரிக்கு இடமே கிடையாது. திருவிழா நாளில் சாக்கடை பொங்கினால் இயந்திரத்தைக் கொண்டுவர முடியாது. அந்த நெருக்கடியில்தான் ‘ஐந்து நிமிடம் இறங்கிப் பார்’ என்ற பேச்சு எழும். அதைத் தடுக்க ஒரே வழி, பொங்கும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே சுத்தம் செய்வது. ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை, ஏகாதசிக்கு முன் ஒருமுறை, சித்திரைத் தேருக்கு முன் ஒருமுறை எல்லா வீதிகளிலும் ஜெட் விட்டு உறிஞ்சியெடுத்தால் போதும். புகாருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தக்காரருக்குப் பணம் தரும் முறை இதற்கு எதிரானது. அடைப்பு வந்தால்தான் அவருக்கு வருமானம். சுத்தம் செய்த மீட்டருக்கு இவ்வளவு, கேமராப் பதிவோடு சேர்த்துக் கொடுத்தால்தான் பில் என்று மாற்றினால் அவருடைய அக்கறை குழாயின் பக்கம் திரும்பும்.

தண்ணீர்ச் செலவு பற்றிய கவலையும் நியாயமானதே. ஒரு பெரிய ஜெட் வண்டி ஒரே நாளில் பல ஆயிரம் லிட்டரைக் காலி செய்யும். குடிநீர்க் குழாயிலிருந்து அதை நிரப்புவது தவறு. உறிஞ்சிய கழிவுநீரையே வடிகட்டித் திரும்பப் பீச்சும் மறுசுழற்சி வண்டிகள் வந்துவிட்டன. அவற்றின் விலை அதிகம். பஞ்சப்பூரில் சுத்திகரித்த நீரையே வண்டிகளில் நிரப்பிக்கொள்ளலாம்.  

வீட்டுக்காரர் செய்யக்கூடியவை சில்லறை வேலைகள்தாம், ஆனால் பலன் பெரிது. சமையலறைத் தொட்டியில் சல்லடை போடுவது. வாணலி எண்ணெயைப் பழைய தாளில் துடைத்துக் குப்பையில் போடுவது. நாப்கினைக் கோப்பையில் போடாமல் இருப்பது. மொட்டைமாடி மழைநீரைச் சாக்கடையில் இணைக்காமல் இருப்பது. கடைசியாகச் சொன்னதை நம் ஊரில் நிறையப் பேர் செய்கிறார்கள். ஒரு கனமழையில் முழுத் தெருவின் சாக்கடையும் பொங்குவதற்கு அந்த இணைப்புகளே போதும். அமிலத்தை ஊற்றி அடைப்பு எடுக்க முயல்வதை விட்டுவிட வேண்டும். உடையாத அடைப்பின் பின்னால் அமிலம் தேங்கி நிற்கும். பிறகு ஹோஸ் விடுபவரின் முகத்தில் அது தெறிக்கும்.

அடைப்பு என்றதும் கைபேசியில் யாரோ ஒருவரை அழைத்து, அவர் எப்படி எடுக்கிறார் என்று பார்க்காமல் உள்ளே போய்விடுவது பரவலான வழக்கம். 14420 என்ற எண்ணை அழைத்தால் உரிமம் பெற்ற வண்டிகளை ஏற்பாடு செய்துகொள்ள முடியும். வருகிறவரிடம் கேட்க வேண்டியவை நான்கு: உறிஞ்சு வண்டி கூட வருகிறதா, எந்தக் குழியிலிருந்து ஹோஸ் விடப்போகிறார்கள், வாயு அளக்கும் கருவி இருக்கிறதா, யாராவது உள்ளே இறங்குவார்களா? நான்காவது கேள்விக்கு ‘தேவைப்பட்டால்’ என்று பதில் வந்தால் அந்த வண்டியைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அடைப்பு இன்னும் ஒருநாள் இருந்தாலும் பக்கத்து வீட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்திச் சமாளித்துக்கொள்ளலாம்.